தோள்சீலை கற்பித்த பாடம்

உடையைப் பற்றி நம்மிடையே இரண்டு பழமொழிகள் வழங்கி வருகின்றன. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது ஒன்று. 'கூழானாலும் குளித்துக் குடி. கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது மற்றொன்று. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றையே சொல்வதாகத் தோன்றும். சற்று ஊன்றிப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். முதற் பழமொழி பிறர் கண்களை மனத்திற்கொண்டு எழுந்தது. நாலு பேர் கூடும் இடத்தில் நம்மை அளப்பவர்கள் நம் உடையையும் சேர்த்தே அளக்கிறார்கள் என்று அது எச்சரிக்கிறது. இரண்டாவது பழமொழியோ பிறரைப் பற்றிக் கவலைப்படவில்லை. கந்தையைக் கசக்கிக் கட்டிக்கொண்டு போனால் சபையில் ஒருவரும் எழுந்து நின்று வரவேற்கப் போவதில்லை. ஆயினும் கசக்கியே கட்ட வேண்டும் என்கிறது. கந்தைக்குள் இருக்கும் உடம்பு பேணத்தக்கது என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

இவ்வெண்ணம் நம் வீடுகளில் நாள்தோறும் செயற்பட்டு வருகிறது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் சட்டையில் பொத்தான் அறுந்திருந்தால், இரவில் விளக்கின் அருகே அமர்ந்து அதைத் தைத்து வைத்துவிட்டுப் படுக்கச் செல்லும் தாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இஸ்திரிப் பெட்டி இல்லாத வீட்டில், உலர்ந்த துணியைக் கையால் நீவி மடித்துப் பாய்க்கடியில் வைத்து, அதன்மேல் படுத்துறங்கி, காலையில் மடிப்புக் கலையாமல் எடுத்து அணிந்துகொண்டவர்கள் நம் முன்தலைமுறையில் பலர். அன்பு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பழகாத குடும்பங்களில், தைத்த பொத்தானும் துவைத்த சட்டையுமே அதனைச் சொல்லி வந்திருக்கின்றன.

ஆனால் இப்பழமொழி ஒன்றைக் கேளாமலே ஒப்புக்கொண்டுவிடுகிறது. கசக்கிய கந்தையை நாம் விரும்பியவாறு கட்டிக்கொள்வதை எவரும் தடுக்கமாட்டார் என்பதே அது. அங்ஙனம் தடுத்த காலமும் நம் நாட்டில் இருந்தது. வழக்கமாக மட்டுமின்றி, அரசின் ஆணையாகவும் அத்தடை இருந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் எளிய பெண்கள் அதனை எதிர்த்து நின்றார்கள். நன்றாக உடுத்துவது என்றால் என்ன என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் இலர். ஆகவே அவர்களுடைய வரலாற்றை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் நெடுங்காலம் அது திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியாக இருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் ஒருவர் உடுக்கும் உடையே அவருடைய குலத்தைக் காட்டும் அடையாளச் சீட்டாக இருந்தது. தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டோர் குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்பு அணியக் கூடாது. பொன்நகை பூணக் கூடாது. அவர்களுடைய பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமத்தலும் குற்றமாகக் கருதப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அப்பெண்கள் மார்பையும் தோளையும் மறைத்து மேலாடை அணிதல் ஆகாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. பனைத்தொழிலையும் பயிர்த்தொழிலையும் நம்பி வாழ்ந்த நாடார் சமூகத்துப் பெண்களும், அவர்களினும் கீழாக வைக்கப்பட்டிருந்த பிற சமூகத்துப் பெண்களும் இக்கட்டுப்பாட்டின்கீழ் வாழ்ந்தார்கள்.

இங்கே ஒன்றை நடுநிலையோடு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வெப்பமும் மழையும் மிகுந்த அந்த மலைநாட்டில் மேலுடம்பைத் திறந்து வைத்தல் பொதுவான வழக்கமாகவே இருந்தது. உயர்குடிப் பெண்களும் தம்மினும் உயர்ந்தவராக மதிக்கப்பட்டோர் முன்னிலையில் தோளின்மேல் இட்ட துணியை நீக்குதல் மரியாதை எனக் கொள்ளப்பட்டது. ஆகவே திறந்த மேனியை அக்கால மக்கள் நாணத்திற்குரியதாக எண்ணினார்கள் என்று இன்றைய கண்கொண்டு நாம் முடிவு செய்துவிடலாகாது. தீங்கு விளைந்தது வேறோர் இடத்தில். உடை ஓர் ஏணியாக மாற்றப்பட்டது. மேற்படியில் நிற்பவருக்குத் துணி பெருமை. கீழ்ப்படியில் நிற்பவருக்கு அதே துணி குற்றம். தன் மகளின் தோளில் ஒரு முழத்துணியை எடுத்துப் போர்த்தும் உரிமை ஒரு தாய்க்கு இல்லையாயின், அவளுக்கு எஞ்சியிருக்கும் உரிமைதான் யாது?

1806ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே என்னும் செருமானியப் பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். இலண்டன் மிஷன் சங்கத்தாரின் தொண்டு அவ்வூரில் தொடங்கி, பின்னர் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பரவியது. கிறிஸ்தவ சமயம் தழுவிய பெண்கள் மேலாடை அணியத் தலைப்பட்டனர். அப்போது ஆங்கிலக் கம்பெனியின் பிரதிநிதியாகிய ரெசிடெண்டாகவும் நாட்டின் திவானாகவும் விளங்கியவர் கர்னல் மன்றோ. கிறிஸ்தவரான பெண்கள் தம் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று 1812ஆம் ஆண்டில் அவர் ஆணை பிறப்பித்தார். எதிர்ப்பு எழுந்தது. 1814ஆம் ஆண்டில் ஆணை திருத்தப்பட்டது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிவதுபோன்ற குப்பாயம் என்னும் தளர்ந்த சட்டையை அவர்கள் அணியலாம். உயர்குடிப் பெண்களைப்போல் தோளின்மேல் சீலை அணியலாகாது என்பது திருத்தத்தின் பொருள்.

மாணவர்களே, இந்தத் திருத்தத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். உடம்பு மறைய வேண்டும் என்பது ஒன்றே அப்பெண்களின் நோக்கமாயிருப்பின், குப்பாயமே போதுமானது. கழுத்து முதல் இடுப்பு வரை அது மறைத்துவிடும். ஆனால் அவர்கள் அதனோடு அமையவில்லை. குப்பாயத்தை அணிந்து, அதன்மேல் சீலையையும் தோளில் இட்டுக்கொண்டார்கள். மதிப்புள்ள பெண் என்று ஊரார் எவரை எண்ணினரோ அவரெல்லாம் தோள்சீலை அணிந்திருந்தனர். தாமும் அம்மதிப்புக்கு உரியவரே என்பது இவர்களுடைய உறுதி. மறைத்தலுக்கும் நன்றாக உடுத்தலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. குப்பாயம் அரசு அளந்து கொடுத்த உடை. தோள்சீலை அவர்கள் தமக்குத் தாமே அளந்துகொண்ட மதிப்பு.

இதனாற் பூசல் மூண்டது. 1822ஆம் ஆண்டில் கல்குளம், இரணியல் பகுதிகளில் மேலாடை அணிந்த பெண்கள் சந்தைவெளிகளில் தாக்கப்பட்டனர். அவர்கள் அணிந்திருந்த துணிகள் கிழித்தெறியப்பட்டன. வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1823ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் குப்பாயம் அணியும் உரிமையை உறுதி செய்தது. நான்கைந்து ஆண்டுகள் கழித்துக் கலகம் மீண்டும் எழுந்தது. இம்முறை பள்ளிக்கூடங்களும் சிற்றாலயங்களும் தீக்கு இரையாயின. துணிக்காக மூண்ட பகை பள்ளிக்கூடத்தின்மேல் பாய்ந்தது தற்செயலன்று. எழுத்தறிந்த மகளும் தோள்சீலை அணிந்த தாயும் ஒரே வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பதை எதிர்த்தவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். 1829ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி கௌரி பார்வதி பாய் ஓர் அறிக்கை வெளியிட்டார். தோள்சீலை கூடாது என்றும், கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் மட்டும் அணியலாம் என்றும் அவ்வறிக்கை மீண்டும் வரையறுத்தது.

ஆணைகள் வந்தன, போயின. இதனிடையே குடும்பங்களுக்குள் அமைதியான வேறொரு மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1819ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். எழுத்தோடு தையலையும் கற்பித்தார். நூலைப் பின்னிப் பூவேலை செய்யும் லேஸ் தொழிலை 1821ஆம் ஆண்டளவில் அங்கே தொடங்கிவைத்தவர் அவரே. அக்காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவியது. அது சட்டப்படி ஒழிந்தது 1855ஆம் ஆண்டில்தான். லேஸ் பின்னிப் பெற்ற கூலியைச் சேர்த்து வைத்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கிக்கொண்ட அடிமைப் பெண்களும் உண்டு என்பது மிஷன் வரலாற்றில் பதிவாகியுள்ள செய்தி. பிறர் அணியும் உடைக்கு அழகு சேர்த்துப் பின்னிய கைகள், அவ்வருவாயால் தம் வாழ்வை மீட்டுக்கொண்டன. ஊசியையும் நூலையும் சிறிய பொருள்கள் என்று எண்ணுவோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

சமயம் மாறாமலே தன்மதிப்பைத் தேடியவர்களும் இருந்தார்கள். சாமிதோப்பில் தோன்றிய வைகுண்டசாமிகள் 1809ஆம் ஆண்டு பிறந்து 1851ஆம் ஆண்டு மறைந்தவர். எளிய மக்களைத் திரட்டித் துவையல் பந்தி என்னும் ஒரு நோன்பினை அவர் நடத்தினார். கடற்கரையை அடுத்த வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்கள் கூடி நாள்தோறும் நீராடியும், ஆடைகளைத் துவைத்தும், அளவாக உண்டும் தவவாழ்வு வாழ்ந்தனர் என்று அவர்வழி வந்த மரபு கூறும். துணி துவைத்தலைத் தவம் என்று உயர்த்திய அந்தச் செயலை எண்ணிப் பாருங்கள். கந்தையைக் கசக்கிக் கட்டுவது அங்கே ஒரு சமுதாயத்தின் பொதுக் கடமையாகிவிட்டது. மேலும், தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபட வரச் செய்தார் அவர். வழிபாட்டிடத்தில் கண்ணாடி வைக்கப்பட்டிருக்கும். தலைப்பாகையோடு அதன்முன் நிற்பவர் தம் உருவத்தையே அங்குக் காண்பார். ஆண்டவன் உறையும் இடம் என்று தன் உடம்பை ஒருவன் மதிக்கத் தொடங்கினால், அதனைத் தூய்மையாகப் பேணாதிருக்க அவனுக்கு மனம் வருமா? இவ்வழக்கம் இன்றும் அப்பதிகளில் இருந்து வருகிறது.

போராட்டத்தின் இறுதிக் கட்டம் 1858ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கியது. மீண்டும் சந்தைகளில் துணிகள் கிழிக்கப்பட்டன; வீடுகள் சூறையாடப்பட்டன; கலகம் அடுத்த ஆண்டிலும் நீடித்தது. இச்செய்தி சென்னைக் கவர்னராயிருந்த சர் சார்லஸ் டிரெவிலியனுக்கு எட்டியது. அவர் தலையிட்டு வற்புறுத்தினார். திவான் மாதவராவும் மன்னருக்கு எடுத்துரைத்தார். 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா அறிக்கை வெளியிட்டார். நாடார் பெண்கள் எச்சமயத்தவராயினும் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம், குப்பாயம் அணியலாம், மீனவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் உயர்குடிப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் அணியலாகாது என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

வெற்றிதான், ஆயினும் குறையுள்ள வெற்றி. துணி முரடாகவே இருக்க வேண்டும், கட்டும் முறையும் வேறாகவே இருக்க வேண்டும் என்று அரசு அப்போதும் எல்லைக்கோடு இழுத்தது. மானத்தை மறைக்க ஒப்புக்கொண்டவர்களால் மதிப்பைப் பங்கிட ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் கோட்டைச் சட்டம் முற்றும் அழிப்பதற்கு முன்னரே மக்கள் தம் வாழ்க்கையால் அழித்துவந்தார்கள். உழைத்துத் தேடிய பொருளில் நல்ல துணி வாங்கினார்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். விழாக்களுக்கு அவர்கள் அணிந்து சென்ற உடையை இன்ன முரடு என்று தடவிப் பார்த்து அளக்க ஆள் இல்லாமற் போயிற்று.

அதே நாட்டில் அய்யன்காளி என்னும் தலைவர் 1893ஆம் ஆண்டில் தோன்றிய காட்சி நினைவுகூரத்தக்கது. வெங்ஙானூரில் புலையர் குலத்தில் பிறந்த அவர், வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து, வில்வண்டியில் ஏறி, தம் இனத்தார் நடக்கவும் கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த பெருவழியில் வண்டியைச் செலுத்திச் சென்றார். எதிர்த்து வந்தவர்களுக்கு அவர் அஞ்சவில்லை. 1915ஆம் ஆண்டில் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டுப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியில், தாழ்வின் அடையாளமாகக் கழுத்தில் அணியவேண்டியிருந்த கல்மாலைகளைப் பெண்கள் அறுத்தெறிந்தார்கள். தென்கோடியில் தோள்சீலையை எடுத்து அணிந்த கையும், கொல்லத்தில் கல்மாலையை அறுத்தெறிந்த கையும் ஒரே கருத்தைத்தான் கூறின. என் உடம்பில் எது இருக்க வேண்டும், எது இருக்கலாகாது என்பதை நானே முடிவு செய்வேன் என்பதே அக்கருத்து.

'எளிய உடையே உயர்ந்ததன்றோ? காந்தியடிகள் உடையைக் குறைத்துக்கொள்ளவில்லையா?' என்று உங்களில் ஒருவர் கேட்கக் கூடும். நல்ல கேள்வி. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் தம் நீண்ட உடைகளை நீக்கி, அரையாடை உடுத்தத் தொடங்கினார். போதிய துணியின்றி வாடும் ஏழை மக்களோடு தம்மை ஒன்றாக்கிக்கொள்ள அவர் அதனைத் தேர்ந்தார். தேர்ந்தார் என்ற சொல்லில்தான் விடை இருக்கிறது. தாமே விரும்பிக் களைந்த துணி துறவாகிறது. பிறர் அஞ்சவைத்துக் களையச் செய்த துணி அவமானமாகிறது. உடுத்தும் உரிமை கைக்கு வந்த பின்னரே அதனைக் குறைக்கும் பெருமையும் ஒருவனுக்குக் கிடைக்கிறது. காந்தியடிகளின் அரையாடையும் என்றும் தூய்மையாகவே இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1927ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பம்பாய் மாகாணத்து மகாடு நகரில் கூடிய மாநாட்டில் டாக்டர் அம்பேத்கர் பெண்களை நோக்கித் தனியே பேசினார். தீண்டத்தகாதவர் என்று தம்மைத் தாமே எண்ணுதல் வேண்டா என்றார். தாழ்வைக் காட்டும் முறையில் புடைவை கட்டுவதை விட்டுவிட வேண்டும் என்றார். உடை ஒட்டுப்போட்டதாயினும் குற்றமில்லை, தூய்மையாக இருத்தல் வேண்டும் என்று கூறிய அவர், மனத்தை வளர்ப்பதில் அதனினும் மிகுந்த கருத்தூன்றுமாறும் அறிவுறுத்தினார். நம் பழமொழியை அவர் கேட்டிருக்கவேண்டிய தேவையில்லை. மராத்தி நாட்டிலும் தமிழ்நாட்டிலும் ஏழ்மை ஒரே பாடத்தைத்தான் கற்பித்திருக்கிறது. ஆனால் கந்தையைக் கசக்குவதோடு நில்லாமல், அதனை எவ்வாறு கட்டுவது என்பதையும் நீயே முடிவு செய் என்ற புதிய அடியை அம்பேத்கர் அதனோடு சேர்த்தார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்கது யாது? நன்றாக உடுத்துதல் என்பதற்கு விலையுயர்ந்த துணி உடுத்துதல் என்று பொருள் கொள்ளலாகாது. கல்குளத்துப் பெண் அணிந்த சீலை விலை குறைந்ததுதான். அடுத்த சந்தையில் அது கிழிக்கப்படலாம் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அணிந்தாள். தனக்காக மட்டும் அவள் அணியவில்லை. தன் கையைப் பிடித்துக்கொண்டு உடன் வரும் மகள், தலைகுனிந்த தாயைப் பார்த்து வளரலாகாது என்பதற்காகவும் அணிந்தாள். உடை குடும்பத்திற்குச் செய்யும் தொண்டு இதுவே. பெற்றோர் தம்மை எவ்வாறு மதிக்கிறார்களோ, அதைக் கண்டே பிள்ளைகள் தம்மை மதிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். உடையைக் கொண்டு பிறரை அளப்பது, அன்று ஏணியின் மேற்படியில் நின்றவர்கள் செய்த பிழையையே நாமும் செய்வதாகும். நாம் நன்றாக உடுத்துகிறோம் என்பதற்காக, வெளுத்த சட்டை அணிந்து வரும் வகுப்புத் தோழனைக் கீழாக நோக்கினால், குடையையும் செருப்பையும் தடுத்தவர்களுக்கும் நமக்கும் வேற்றுமை சிறிதே. வெளுத்த அச்சட்டை முதல்நாள் இரவு ஒரு தாயின் கையால் துவைக்கப்பட்டிருக்கும்; காலர் ஓரத்தில் நூல் ஓடிய தையல் இருக்கும். அதனைக் காணும் கண் நமக்கு வேண்டும்.

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாவது ஆண்டு நாகர்கோவிலில் நினைவுகூரப்பட்டது. தமிழ்நாட்டின் முதலமைச்சரும் கேரளத்தின் முதலமைச்சரும் அவ்விழா மேடையில் ஒருங்கே பங்குகொண்டார்கள். முன்னாளில் ஒரே அரசின்கீழ் இருந்து பின்னர் இருவேறு மாநிலங்களாகப் பிரிந்த மக்கள், தம் பாட்டிமார் அணிந்த ஒரு துணிக்காக மீண்டும் ஓரிடத்தில் கூடினார்கள். ஆனால் அப்போராட்டத்தில் துணி கிழிபட்டுத் திரும்பிய பெண்களுள் மிகப் பலருடைய பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. ஆணை பிறப்பித்தவர்களின் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. தைத்தும் துவைத்தும் மீண்டும் எடுத்து அணிந்தும் அவ்வாணைகளை மாற்றியவர்கள் பெயரின்றி மறைந்துவிட்டார்கள்.

நாளைக் காலையில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் புறப்படும்போது, மடிப்புக் கலையாத உங்கள் உடையை எடுத்து அணிவீர்கள். அதற்கு எவருடைய அனுமதியும் உங்களுக்குத் தேவைப்படாது. அணியும் அந்த ஒரு கணம், அதனைத் துவைத்த கையையும், அந்த உரிமையைத் தேடித் தந்த பெயர் தெரியாத பெண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வீடு திரும்பியதும், அடுத்த நாளுக்குரிய சட்டையை நீங்களே துவைத்துப் போடுங்கள்.